தனி நீர் மாவட்டம் கேட்டு மனுப் போடுவது எப்படி? கலிஃபோர்னியா நில உரிமையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கலிஃபோர்னியாவில் பாதாம் தோப்போ திராட்சைத் தோட்டமோ வைத்திருப்பவர் வீட்டுக் கதவை என்றாவது ஒருநாள் பக்கத்து நிலக்காரர் ஒரு தாளோடு வந்து தட்டுவார். "நம் பகுதிக்கென்று நீர் மாவட்டம் அமைக்கப் போகிறோம், ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்பார். அந்தத் தாளைத் தயாரிப்பவருக்கும், அதில் கையெழுத்துப் போடலாமா என்று யோசிப்பவருக்கும் வழக்கமாக எழும் கேள்விகள் இவை. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், இங்கே சொல்வது கலிஃபோர்னியாவுக்கு மட்டும்.

நீர் மாவட்டம் என்றால் என்ன?

மாநிலச் சட்டத்தின்படி அமைக்கப்படும் ஓர் உள்ளாட்சி அமைப்பு. அதற்கு எல்லை உண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநர் குழு உண்டு, வரவு செலவுக் கணக்கு உண்டு. தண்ணீரை விலைக்கு வாங்கலாம், கால்வாய் வெட்டலாம், குழாய் பதிக்கலாம், கடன் பத்திரம் வெளியிடலாம், எல்லைக்குள் இருக்கும் நிலத்தின் மீது கட்டணம் விதிக்கலாம். தேவைப்பட்டால் இழப்பீடு கொடுத்து நிலத்தைக் கையகப்படுத்தவும் முடியும். இதைச் சங்கம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுபவர்கள் கடைசி இரண்டு அதிகாரங்களையும் இன்னொரு முறை படிப்பது நல்லது. சங்கத்திலிருந்து விலகலாம், எல்லைக்குள் விழுந்த நிலத்தை அவ்வளவு எளிதில் வெளியே எடுக்க முடியாது.

கவுண்டி என்பது வேறு. அது நம் வருவாய் மாவட்டம் போன்ற பொது நிர்வாகப் பிரிவு. ஒரு கவுண்டிக்குள் பல நீர் மாவட்டங்கள் இருக்கலாம். ஒரே நீர் மாவட்டம் இரண்டு கவுண்டிகளில் பரவியும் கிடக்கலாம்.

தமிழ்நாட்டின் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் போன்றதா?

மேலோட்டமாகப் பார்த்தால் ஆம், ஆனால் தொடங்கி வைப்பவர் வேறு. தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன முறை மேலாண்மைச் சட்டத்தின்படி ஆயக்கட்டுப் பரப்பை வரையறுத்து அறிவிப்பது அரசு. சங்கம் அதன் பிறகு வருகிறது. கலிஃபோர்னியாவில் தொடங்கி வைப்பதே நில உரிமையாளர்கள்தான். எல்லைக்கோட்டின் முதல் வரைவும் அவர்களுடையது.

இந்த முறை எப்போது வந்தது?

1887-இல், ரைட் சட்டத்தோடு. மொடெஸ்டோவைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் சி. சி. ரைட் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் லக்ஸ் எதிர் ஹேகின் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் ஆற்றங்கரை நிலக்காரர்களின் நீருரிமையை உறுதி செய்திருந்தது. ஆற்றிலிருந்து தள்ளி நிலம் வைத்திருந்த கோதுமை விவசாயிகள் திகைத்து நின்ற நேரம் அது. ரைட் சட்டம் அவர்களுக்கு ஒரு வழி காட்டியது: ஐம்பது பேரோ, அந்தப் பகுதி நில உரிமையாளர்களில் பெரும்பான்மையினரோ கவுண்டி மேற்பார்வையாளர் குழுவிடம் மனுக் கொடுக்கலாம், வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தால் பாசன மாவட்டம் அமையும். எதிர்த்து ஓட்டுப் போட்டவர் நிலமும் வரி கட்ட வேண்டும்.

அந்த ஆண்டே டர்லாக் பாசன மாவட்டமும், அடுத்து மொடெஸ்டோவும் பிறந்தன. இரண்டும் சேர்ந்து டுவாலமி ஆற்றில் கட்டிய லா கிரேஞ்ச் அணை 1893-இல் முடிந்தது. இரண்டு மாவட்டங்களும் இன்றும் இயங்குகின்றன. அன்று கிளம்பிய மற்றவற்றில் பெரும்பாலானவை கடன் பத்திரத்தில் சிக்கி மூழ்கிப்போயின. பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு மனுவில் பதில் இல்லாததுதான் அவற்றின் நோய், இன்றைய மனுக்களிலும் அதே நோயைக் காண்கிறேன்.

தனக்கு வேண்டாத பாசனத்துக்கு வரி கட்ட மாட்டேன் என்று ஃபால்புரூக் பகுதியில் ஒரு நில உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1896-இல் மாவட்டத்துக்குச் சாதகமாக முடிந்தது. எல்லைக்குள் இருக்கும் எல்லா நிலத்தின் மீதும் கட்டணம் விதிக்கலாம் என்பதன் வேர் அங்கே இருக்கிறது.

இவ்வளவு காலம் கழித்து இப்போது ஏன் புது மாவட்டங்கள்?

நிலத்தடி நீர்ச் சட்டம்தான் காரணம். 2014 செப்டம்பரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட நிலையான நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டத்தை அங்கே எல்லோரும் 'சிக்மா' என்பார்கள். அதுவரை கலிஃபோர்னியாவின் பெரும் பகுதியில் சொந்த நிலத்தில் போர் போட்டு வேண்டிய மட்டும் இறைக்கலாம், கேட்பாரில்லை. சிக்மா வந்த பின், முக்கியமான ஒவ்வொரு நிலத்தடி நீர்ப் படுகைக்கும் ஒரு நிர்வாக முகமை வேண்டும்; அது 2017 ஜூன் 30-க்குள் அமைந்திருக்க வேண்டும்; அபாயகரமாக வற்றிய படுகைகளின் திட்டங்கள் 2020 ஜனவரி இறுதிக்குள் சமர்ப்பிக்கப்பட வேண்டும்; இருபது ஆண்டுகளில் படுகை சமநிலைக்கு வர வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நிர்வாக முகமையாக இருக்கத் தகுதி உள்ளது உள்ளாட்சி அமைப்புக்கு மட்டும். ஏற்கெனவே நீர் மாவட்டம் உள்ள இடங்களில் பிரச்சினை இல்லை. எந்த மாவட்டத்திலும் சேராத நிலங்களை வரைபடத்தில் வண்ணம் பூசாமல் விட்டிருந்ததால் 'வெள்ளைப் பகுதி' என்பார்கள். அந்த நிலங்களுக்குக் கவுண்டியே பொறுப்பு. தங்கள் கிணற்றுக்கு அளவு வைக்கப்போகும் மேசையில் தங்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று நினைத்த விவசாயிகள் மனு எழுத உட்கார்ந்தார்கள்.

எந்தச் சட்டத்தின் கீழ் மனுப் போட வேண்டும்?

மற்றக் கேள்விகளைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். பலர் இதை வழக்கறிஞரின் வேலை என்று விட்டுவிட்டு எல்லைக்கோட்டுக்கும் கட்டணத்துக்கும் சண்டை போடுகிறார்கள். சட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, நாளைக்கு யார் ஆளப்போகிறார் என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

கலிஃபோர்னியாவில் 'நீர்' என்று பெயர் கொண்ட மாவட்டங்களுக்கே பல தனித்தனிச் சட்டங்கள் உண்டு. விவசாயிகள் பெரும்பாலும் எடைபோட்டுப் பார்ப்பது இரண்டை.

முதலாவது பாசன மாவட்டச் சட்டம், ரைட் சட்டத்தின் வாரிசு. மனுவுக்கு, நில உரிமையாளர்களில் தலைக்கணக்கில் பெரும்பான்மையும் நில மதிப்பில் பெரும்பான்மையும் வேண்டும். அல்லது குறைந்தது 500 பேர் கையெழுத்திட்டு, அவர்களில் உள்ள நிலக்காரர்கள் நில மதிப்பில் ஐந்தில் ஒரு பங்காவது வைத்திருக்க வேண்டும். மாவட்டம் அமைந்த பிறகு ஓட்டு அங்கே குடியிருக்கும் வாக்காளர்களுக்கு, ஆளுக்கு ஒன்று. தோட்டத்தில் கூலி வேலை செய்பவரும் வாக்காளர் பட்டியலில் இருந்தால் இயக்குநரைத் தேர்ந்தெடுப்பார். 1911-இல் அமைந்த இம்பீரியல் பாசன மாவட்டம் இந்த வகை.

இரண்டாவது கலிஃபோர்னியா நீர் மாவட்டச் சட்டம். ஒரே நீராதாரத்திலிருந்து ஒரே கட்டமைப்பின் மூலம் தண்ணீர் பெறக்கூடிய நிலத்தில், பரப்பளவில் பெரும்பான்மை வைத்திருப்பவர்கள் கையெழுத்திட்டால் மனுத் தகுதி பெறும். அங்கே ஓட்டு நிலத்துக்கு. குடியிருந்தும் நிலம் இல்லாதவருக்கு ஓட்டு இல்லை; லாஸ் ஏஞ்சலிஸ் அடுக்குமாடியில் உட்கார்ந்திருக்கும் நிலக்காரருக்கு உண்டு, பதிலாள் மூலமும் போடலாம். நிறுவனமும் ஓட்டுப் போடும். ஃப்ரெஸ்னோ, கிங்ஸ் கவுண்டிகளில் பரந்து கிடக்கும் வெஸ்ட்லேண்ட்ஸ் நீர் மாவட்டம் 1952-இல் நிலக்காரர்களின் மனுவால் இப்படித்தான் அமைந்தது.

ஏக்கருக்கு ஒரு ஓட்டு என்பது உண்மையா?

நீர் மாவட்டச் சட்டத்தின் பொது விதி அதைவிட விசித்திரமானது: நில மதிப்பில் ஒரு டாலருக்கு ஓர் ஓட்டு. கவனியுங்கள், மனுவை எண்ணுவது ஏக்கரில்; தேர்தலை எண்ணுவது டாலரில். இரண்டும் ஒரே விகிதத்தில் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கிணறும் கொடியும் உள்ள நூறு ஏக்கரையும் மேய்ச்சல் காடான நூறு ஏக்கரையும் வரி மதிப்பீட்டுப் பதிவேடு ஒன்றாகப் பார்க்காது. போதாக்குறைக்கு 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய முன்மொழிவு 13 சொத்தின் வரி மதிப்பை வாங்கிய விலையோடு கட்டி, ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறவிடாமல் வைத்திருக்கிறது. தாத்தா காலத்து நிலம் பதிவேட்டில் மலிவு; போன வருடம் கைமாறிய நிலம் விலை உயர்ந்தது.

இது அரசியல் சட்டத்துக்கு ஒத்து வருமா? ஒருவருக்கு ஓர் ஓட்டுதானே?

அந்தக் கேள்வி 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. துலாரே ஏரிப் படுகையில் 1,93,000 ஏக்கர் பரப்பில் ஒரு நீர்ச் சேமிப்பு மாவட்டம். சட்டம் வேறு, ஓட்டு முறை மேலே சொன்னதுதான். அந்த நிலத்தில் 85 சதவீதத்தை நான்கு நிறுவனங்கள் பயிர் செய்தன. குடியிருந்தவர்கள் குழந்தைகளையும் சேர்த்து 77 பேர். ஜே. ஜி. பாஸ்வெல் நிறுவனம் ஒன்றே இயக்குநர் குழுவின் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுக்கும் அளவு ஓட்டு வைத்திருந்தது.

1969-இல் பெருவெள்ளம் வந்தது. தண்ணீரை புவேனா விஸ்டா ஏரிப் படுகைக்குத் திருப்பிவிடலாமா என்ற தீர்மானத்தை இயக்குநர் குழு 6-க்கு 4 என்று கிடப்பில் போட்டது. அந்தப் படுகையில் பாஸ்வெல் நிறுவனம் நீண்ட காலக் குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தது. இந்தப் பக்கம் நிலங்கள் மூழ்கின. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் அங்கே குடியிருந்தவர். வெள்ளம் உச்சத்தில் நின்றபோது அவர் வீடு நீர் மட்டத்துக்குப் பதினைந்தரை அடி கீழே இருந்தது. அவருக்கு ஓட்டு இல்லை.

நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பு மாவட்டத்தின் பக்கம் நின்றது. நீர் மாவட்டத்தின் வேலை குறுகியது, அதன் சுமை நிலத்தின் மீது விழுகிறது, ஆகவே ஓட்டையும் நிலத்துக்குக் கொடுக்கலாம் என்பது வாதம். மூன்று நீதிபதிகள் உடன்படவில்லை. நிறுவனங்களுக்கு ஓட்டுரிமையா என்று நீதிபதி டக்ளஸ் கடுமையாகவே எழுதினார். எனக்கு டக்ளஸ் சொன்னதே சரியென்று படுகிறது. ஆனால் நடப்பில் உள்ள சட்டம் ரென்குவிஸ்ட் எழுதியதுதான். மனுப் போடுபவர் அதை நம்பித்தான் காரியம் செய்ய வேண்டும்.

மனுவில் யார் கையெழுத்துப் போடலாம்? குத்தகைதாரர் போடலாமா?

நில உரிமையாளர் மனு என்றால் உரிமைப் பத்திரம் வைத்திருப்பவர் மட்டும். முப்பது வருடமாக உழுதிருந்தாலும் குத்தகைதாரரின் கையெழுத்து எண்ணப்படாது. கூட்டுச் சொத்தானால் கையெழுத்திட்டவரின் பங்கு அளவுக்குத்தான் கணக்கு: அண்ணன் தம்பி இருவர் பெயரில் சரிபாதியாக நூறு ஏக்கர், அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டால் ஐம்பது ஏக்கர்.

மனுக்கள் அடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கலிஃபோர்னியாவில் விவசாய நிலம் தனி மனிதர் பெயரில் இருப்பதைவிடக் குடும்ப டிரஸ்ட் பெயரிலோ கம்பெனி பெயரிலோ இருப்பது சகஜம். பெரியவர் தன் பெயரைப் போட்டு, ஊரெல்லாம் தெரிந்த தன் கையெழுத்தையும் போடுவார். பதிவேட்டில் அந்த நிலம் டிரஸ்ட் பெயரில் இருக்கும். 'இன்ன டிரஸ்டின் பொறுப்பாளர்' என்று பெயரின் கீழே எழுதாததால் அந்த நானூறு ஏக்கரும் எண்ணிக்கையில் சேராது. ஒவ்வொரு கையெழுத்துக்கு எதிரேயும் தேதியும் நில எண்ணும் தெளிவாக இருக்கிறதா, பதிவேட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து வருகிறதா என்று தாளை வாங்கும் இடத்திலேயே பார்த்துவிடுங்கள்.

மனுவில் என்னென்ன இருக்க வேண்டும்?

எந்தச் சட்டத்தின்படி மனு, என்ன மாற்றம் கேட்கிறீர்கள், ஏன் கேட்கிறீர்கள், எல்லை விவரமும் வரைபடமும், நீங்கள் முன்வைக்கும் நிபந்தனைகள், கையெழுத்திடுபவர்கள் நில உரிமையாளர்களா வாக்காளர்களா, முதன்மை மனுதாரர்கள் யார் (மூன்று பேர் வரை, முகவரியோடு). இவற்றோடு சேவைத் திட்டம் என்று ஒன்று தனியாகத் தர வேண்டும்: என்ன சேவை, எப்போது, எந்தப் பணத்தில்.

நிபந்தனைகள் என்ற பகுதியைச் சடங்காக நிரப்பாதீர்கள். முதல் ஆண்டுகளின் கட்டண உச்சவரம்பு, நிதிக்கு ஒப்புதல் கிடைக்காவிட்டால் மாவட்டம் அமையாது என்ற விதி போன்றவற்றைக் கேட்டுப் பெறக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

கையெழுத்து வாங்கத் தொடங்கும் முன் ஏதாவது செய்ய வேண்டுமா?

வேண்டும். மனுவைச் சுற்றுக்கு விடப்போகிறோம் என்று கவுண்டியின் லாஃப்கோ ஆணைய அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், காரணங்களை 500 சொற்களுக்குள் எழுதி. அதன் பிறகு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. முதல் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எல்லாக் கையெழுத்தும் வந்துவிட வேண்டும். கடைசிக் கையெழுத்திலிருந்து 60 நாளுக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே கூட்டம் போட்டுப் பேசுவதையும், தயங்குபவர் வீட்டில் காப்பி குடிப்பதையும் முதல் கையெழுத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

லாஃப்கோ என்பது யார்?

உள்ளாட்சி அமைப்புகளின் பிறப்பு, எல்லை மாற்றம், இணைப்பு, கலைப்பு ஆகியவற்றை முடிவு செய்யும் ஆணையம். 1963-இல் வந்தது, ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒன்று. வழக்கமாகக் கவுண்டி மேற்பார்வையாளர்கள் இருவர், நகர மன்ற உறுப்பினர்கள் இருவர், பொதுமக்கள் சார்பில் ஒருவர். பல கவுண்டிகளில் நீர் மாவட்டம் போன்ற சிறப்பு மாவட்டங்களின் சார்பிலும் இருவர். ரைட் காலத்தில் மனு கவுண்டி மேற்பார்வையாளரிடம் போயிற்று; இப்போது இங்கே வருகிறது.

மனு எழுதும் முன்பே இவர்களின் நிர்வாக அலுவலரைப் போய்ப் பாருங்கள். சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு புது உள்ளாட்சி அமைப்பு எதற்கு, ஏற்கெனவே இருக்கும் மாவட்டத்தோடு சேர்ந்தால் என்ன என்று ஆணையம் கேட்கப்போவது உறுதி. அந்தக் கேள்வியை முதலில் அலுவலர் அறையில் கேட்டுவிட்டால், பொது விசாரணையில் வியர்க்க வேண்டியதில்லை.

தாக்கல் செய்த பின் என்ன நடக்கும்?

நிர்வாக அலுவலர் 30 நாளுக்குள் கையெழுத்துகளை வரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சான்று தருவார். குறைந்தால் துணை மனுக் கொடுக்க 15 நாள் கிடைக்கும். விண்ணப்பம் முழுமை என்று சான்று வந்த பின் 90 நாளுக்குள் விசாரணைக்குத் தேதி வைப்பார்கள். இடையில் சுற்றுச்சூழல் ஆய்வு முடிய வேண்டும். காலம் கரைவது பெரும்பாலும் அங்கேதான். விசாரணையில் ஆணையம் அப்படியே ஏற்கலாம், மறுக்கலாம், எல்லையை வெட்டிக் குறைத்து நிபந்தனைகளோடு ஏற்கலாம். பிறகு எதிர்ப்பு விசாரணை, தேவையான இடத்தில் வாக்கெடுப்பு, கடைசியாகப் பதிவு. அடுத்த ஆண்டு வரிப் பட்டியலில் மாவட்டம் ஏற வேண்டுமானால் டிசம்பர் 1-க்குள் மாநில வரி வாரியத்திடம் வரைபடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்பவர்களுக்கு, ஒரு வருடத்துக்குள் முடியும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

எல்லையை எப்படிப் போடுவது?

நீரியல் ஒன்று சொல்லும், அரசியல் வேறொன்று சொல்லும். படுகையின் எல்லையே மாவட்ட எல்லையாக இருப்பதுதான் அறிவுக்குப் பொருத்தம். ஆனால் அப்படிப் போட்டால் வேண்டாம் என்பவர்களையும் உள்ளே இழுக்கிறீர்கள். அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். இதற்கு பாசோ ரோப்லஸில் நடந்ததைவிட நல்ல பாடம் கிடையாது.

பாசோ ரோப்லஸில் என்ன நடந்தது?

சான் லூயிஸ் ஒபிஸ்போ கவுண்டியின் வடக்கே திராட்சைக் கொடி படர்ந்த நாடு அது. வறட்சியில் வீட்டுக் கிணறுகள் வற்றின; பக்கத்தில் பெரிய தோட்டங்களின் போர்கள் இன்னும் ஆழத்துக்கு இறங்கின. 2013 ஆகஸ்டில் கவுண்டி அவசரச் சட்டம் போட்டுப் புதிய இறைப்பைத் தடுத்தது. படுகை முழுவதற்கும் ஒரே நீர் மாவட்டம் என்ற யோசனை அந்தச் சூட்டில் பிறந்தது.

யார் ஆள்வது என்ற கேள்வி உடனே எழுந்தது. டாலருக்கு ஓட்டு என்றால் பெரிய தோட்டங்கள் கையில் போகும் என்றார்கள் வீட்டுக்கிணற்றுக்காரர்கள். ஆளுக்கு ஓட்டு என்றால் விவசாயம் தெரியாதவர்கள் விவசாயத்துக்கு விலை வைப்பார்கள் என்றார்கள் நிலக்காரர்கள். கடைசியில் 2014-இல் சட்டமன்றத்திலேயே தனிச் சட்டம் இயற்றி ஒரு கலப்புக் குழுவைக் கண்டுபிடித்தார்கள். ஒன்பது இயக்குநர்கள்: பெரிய, நடுத்தர, சிறிய நிலக்காரர்களுக்கு இரண்டிரண்டு இடம், மீதி மூன்று குடியிருக்கும் வாக்காளர்களுக்கு. காகிதத்தில் பார்த்தால் அழகான சமரசம்.

2016 மார்ச் 8 அன்று ஓட்டுக்கு வந்தது. மாவட்டமும் தோற்றது, அதை நடத்தக் கேட்ட வரியும் தோற்றது. இரண்டுமே பெரும் வித்தியாசத்தில். யாருக்கும் முழுதாகப் பிடிக்காத ஒரு குழுவுக்கு எல்லோரும் வரி கட்ட வேண்டும் என்று கேட்டால் வேறு என்ன கிடைக்கும்?

அடுத்த ஆண்டே அதே படுகையில் இரண்டு மாவட்டங்கள் பிறந்தன: ஷாண்டன் சான் வான், எஸ்ட்ரெல்லா எல் போமர் கிரெஸ்டன். இரண்டும் பழைய நீர் மாவட்டச் சட்டத்தின்படி, நிலக்காரர்களின் மனுவால், சேர விரும்பியவர்களின் நிலங்களைக் கொண்டு அமைந்தவை. எஸ்ட்ரெல்லா மாவட்டத்தின் வரைபடம் ஒட்டுப் போட்ட துணி போல இருக்கும்; நடுநடுவே சேராத நிலங்கள். நிலத்தடி நீருக்கு அந்த ஓட்டைகள் தெரியாது என்று நீரியல் படித்தவர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். ஆனால் முழுப் படுகைக்கும் வரைந்த எல்லை வாக்குப்பெட்டியில் செத்துப்போனது, ஒட்டுத்துணி உயிரோடு இருக்கிறது.

எதிர்ப்பவர்கள் என்ன செய்ய முடியும்?

எழுத்தில் எதிர்ப்புத் தர வேண்டும், எதிர்ப்பு விசாரணை முடிவதற்குள். கூட்டத்தில் எழுந்து கத்துவது பதிவேட்டில் ஏறும், எண்ணிக்கையில் ஏறாது. நிலத்துக்கு ஓட்டு உள்ள மாவட்டமானால், மொத்த ஓட்டுப் பலத்தில் பாதி அளவுக்கு எழுத்து எதிர்ப்பு வந்தால் முன்மொழிவு அத்தோடு கைவிடப்படும். உங்கள் நிலத்தை மட்டும் எல்லையிலிருந்து நீக்கச் சொல்வதானால் அதற்கு முன்பே, ஆணையத்தின் விசாரணையில் கேளுங்கள்.

செலவு எவ்வளவு? யார் கொடுப்பது?

மனுதாரர்கள். லாஃப்கோவுக்கு முன்பணம், உரிமம் பெற்ற நில அளவையாளர், வழக்கறிஞர், சுற்றுச்சூழல் ஆய்வு, ஏக்கர் கணக்கில் வரி வாரியக் கட்டணம். வழக்கு வந்தால் ஆணையத்தின் செலவையும் ஏற்கிறோம் என்று எழுதி வாங்கும் லாஃப்கோக்களும் உண்டு. நடைமுறையில் நாலைந்து பெரிய நிலக்காரர்கள் பணம் போட்டு ஆரம்பிப்பார்கள். அதில் தவறில்லை, ஆனால் யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு கசிந்தால் மனுவின் மரியாதை போய்விடும்.

மாவட்டம் வந்தால் கூடுதல் தண்ணீர் வருமா?

வராது. மாவட்டம் அமைவதால் ஒரு துளி நீருரிமையும் புதிதாகப் பிறப்பதில்லை. விலைக்கு வாங்கவும், ஒப்பந்தம் போடவும், மானியத்துக்கு விண்ணப்பிக்கவும், படுகைத் திட்டத்தில் பேசவும் தகுதி வருகிறது. வெஸ்ட்லேண்ட்ஸ் 1952-இல் அமைந்து, 1963-இல்தான் மத்திய அரசின் நீர் மேம்பாட்டுத் துறையோடு தண்ணீர் ஒப்பந்தம் போட்டது.

கட்டணத்தை இயக்குநர்கள் இஷ்டம்போல ஏற்றலாமா?

முடியாது. 1996-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய முன்மொழிவு 218 கடிவாளம் போட்டிருக்கிறது. நிலத்தின் மீதான மதிப்பீட்டுக் கட்டணம் என்றால் ஒவ்வோர் உரிமையாளருக்கும் தபாலில் வாக்குச்சீட்டு வரும். யார் எவ்வளவு கட்டப்போகிறாரோ அந்த அளவுக்கு அவர் சீட்டுக்கு எடை. எதிர்ப்பு எடை கூடினால் கட்டணம் இல்லை. சிறப்பு வரி என்றால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். தபாலில் வந்த சீட்டை விளம்பரத் தாளோடு குப்பையில் போட்டுவிட்டு, பிறகு பில் வந்ததும் கொதிப்பவர்களே அதிகம்.

எனக்கு இருப்பது வீட்டுக் கிணறு மட்டும். பயப்பட வேண்டுமா?

வீட்டுத் தேவைக்கு ஆண்டுக்கு 2 ஏக்கர்-அடி வரை இறைப்பவருக்கு மீட்டர் வைக்கச் சொல்ல சிக்மா அனுமதிக்கவில்லை. ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர்-அடி, ஏறக்குறைய 12.3 லட்சம் லிட்டர். இரண்டு என்பது ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

மாவட்டம் இல்லாமல் வேறு வழி உண்டா?

பங்குதாரர்களின் கூட்டு நீர் நிறுவனம் என்ற தனியார் அமைப்பு உண்டு. தொடங்குவது எளிது, லாஃப்கோ தேவையில்லை. தானே நிலத்தடி நீர் முகமையாக முடியாது, ஒப்பந்தத்தின் மூலம் ஒன்றில் பங்கேற்கலாம். பக்கத்தில் ஒழுங்காக நடக்கும் மாவட்டம் இருந்தால் அதோடு உங்கள் நிலத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது இன்னும் சுலபம். புது மாவட்டம் என்றால் பொதுக்கூட்டச் சட்டம், ஆவணங்களைப் பொதுமக்களுக்குக் காட்டும் சட்டம், இயக்குநர்களின் சொத்து விவர அறிக்கை எல்லாம் கூடவே வரும். மூன்று இயக்குநர்கள் களத்துமேட்டில் நின்று மாவட்ட விஷயம் பேசினால்கூட, ஐந்து பேர் குழுவில் அது பெரும்பான்மை. சட்டப்படி கூட்டம் ஆகிவிடும்.

நான் நாற்பது ஏக்கர்க்காரன். கையெழுத்துக் கேட்டு வந்திருக்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

எந்தச் சட்டம் என்று முதலில் கேளுங்கள். டாலருக்கு ஓட்டு என்றால், முதல் ஐந்து நிலக்காரர்கள் சேர்ந்தால் எத்தனை சதவீதம் ஓட்டு என்ற கணக்கை எழுதித் தரச் சொல்லுங்கள். வரிப் பதிவேட்டிலிருந்து அதை ஒரே நாளில் எடுத்துவிடலாம். தரத் தயங்கினால் அதுவே ஒரு பதில். அடுத்து, ஏக்கருக்கு முதல் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, மேய்ச்சல் நிலத்துக்கும் பாசன நிலத்துக்கும் ஒரே விகிதமா, உச்சவரம்பு நிபந்தனையாக மனுவில் எழுதப்பட்டிருக்கிறதா அல்லது வாய்ச் சொல்லா. உங்கள் நில எண் வரைபடத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் பெரிய அளவு வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். கடைசியாகத் தாளின் மேலே உள்ள முதல் கையெழுத்தின் தேதியைப் பாருங்கள். அது ஐந்தரை மாதம் பழையதாக இருந்தால், அவர்கள் காட்டும் அவசரம் அவர்களுடையது. நீங்கள் மனுவை வீட்டுக்கு எடுத்துப்போய் முழுதும் படித்துவிட்டே கொடுக்கலாம்.